செகண்ட் மேட் சி.ஓ.சி. (கப்பல் அதிகாரிச் சான்றிதழ்) இருக்கு, பாய்மரப் படகுக்குத் தனி லைசென்ஸ் எதுக்கு?

உவரிக்காரன்:
அண்ணாச்சிமாரே, அந்த சி.ஓ.சி.யை வைத்துத்தான் சரக்குக் கப்பலில் தேர்ட் ஆபீசராக ஓடுகிறேன். அடுத்த லீவில் கூட்டாளிகளோடு கிரீஸில் யாட் (பாய்மர உல்லாசப் படகு) ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்று பார்த்தால், ஏஜென்ட் ஐ.சி.சி. (உல்லாசப் படகு ஓட்டும் சர்வதேசச் சான்றிதழ்) இருக்கா, டே ஸ்கிப்பர் (படகுத் தலைவருக்கான தொடக்கநிலைச் சான்றிதழ்) இருக்கா என்று குடைகிறான். முப்பதாயிரம் டன் கப்பலில் நடுராத்திரி தனியாக வாட்ச் டியூட்டி பார்க்கிறவனிடம் நாற்பது அடிப் படகுக்குப் பேப்பர் கேட்டால் எரிச்சல் வராதா?

திசையன்விளை_யாட்:
எரிச்சல் சரிதான் தம்பி, ஆனால் ஏஜென்ட் கேட்பதும் சரி. உம்ம சி.ஓ.சி. எஸ்.டி.சி.டபிள்யூ. 1978 என்ற, கப்பல்காரர்களின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய சர்வதேச ஒப்பந்தப்படி வந்தது, அதில் பாய் பற்றிய பரீட்சையே கிடையாது. ஐ.சி.சி.யில் பாய்க்குத் தனி, மோட்டாருக்குத் தனி. அப்புறம் ஒன்று, கப்பலை நீராகவே எத்தனை தடவை பெர்த்தில் கட்டியிருக்கிறீர்? துறைமுகப் பைலட் ஏறுவார், டக் (இழுவைப் படகு) தள்ளும், கேப்டன் நிற்பார். யாட்டில் அத்தனையும் உம்ம வேலைதான், நங்கூரம் போடுவது உள்பட. நான் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் (டே ஸ்கிப்பருக்கு மேல்நிலைச் சான்றிதழ்) எழுதினபோது 50 நாள் கடல், 2,500 மைல், அதில் 5 நாளாவது ஸ்கிப்பராக இருந்த கணக்கு காட்டணும். பரீட்சை படகிலேயே, எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. விதிகள் பகுதி உமக்குத் தண்ணீர் பட்ட பாடு, கோல்ரெக்ஸ் 1972 (கடலில் மோதல் தவிர்க்கும் விதிகள்) ரெண்டு பேருக்கும் ஒன்றுதானே.

கடலோடி:
குறுக்கே கேட்கிறேன், யாட்மாஸ்டர் வைத்துக்கொண்டு சரக்குக் கப்பலில் ஏறலாமா?

திசையன்விளை_யாட்:
முடியாது மக்கா. கமர்ஷியல் எண்டார்ஸ்மென்ட் வாங்கினால் 200 கிராஸ் டன் வரைக்கும் உள்ள யாட்டைச் சம்பளத்துக்கு ஓட்டலாம், சரக்குக் கப்பலுக்கு டி.ஜி. ஷிப்பிங் (இந்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) வழிதான். கடலில் காலம் தள்ளாமல் அந்தப் பேப்பர் கிடையாது.

தோணிப்பேரன்:
எங்க தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டல் (தோணித் தலைவர்). கொழும்புக்குப் பாய் விரித்தே போய் வந்தவர், கையெழுத்து போடத் தெரியாது. கச்சான் காற்றா வாடைக் காற்றா என்று கன்னத்தில் பட்டதுமே சொல்லிவிடுவார். உவரிக்காரரே, கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்னால் பாய் ஓட்டின பெருசு யாராவது ஊரில் இருக்காரா பாரும்.

உவரிக்காரன்:
மாமா ஒருத்தர் இருக்கார். ஆனால் வள்ளத்துக்கு அவுட்போர்டு மோட்டார் வந்ததும் பாயைக் கழற்றி ஆட்டுக்கொட்டகைக்கு நிழல் கட்டிவிட்டார். சரி, டே ஸ்கிப்பருக்கே பணம் கட்டிவிடுகிறேன்.