பாரிடோன்: கனக்குரலா, இடைக்குரலா?

மேற்கத்திய இசையில் 'பாரிடோன்' என்னும் நடுத்தர ஆண்குரலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் ஒருவர் எழுதியது:

> கிரேக்கத்தில் 'பரூஸ்' என்றால் கனம். ஆகவே பாரிடோனுக்குக் 'கனக்குரல்' என்றே வைத்துவிடலாம்.

வேர் சரிதான். ஆனால் இத்தாலிய ஓபராப் பாடகர் டிட்டா ரூஃபோ பற்றிய கட்டுரைக்குத்தானே சொல் தேடுகிறோம்? அவரையே வைத்து உரசிப் பார்க்கலாம்.

1914-இல் அவரும் கரூஸோவும் சேர்ந்து பாடிய இசைத்தட்டு ஒன்று உண்டு. வெர்டியின் 'ஒதெல்லோ' ஓபராவில் இரண்டாம் அங்க முடிவில் வரும் சபதப் பாட்டு. கரூஸோ டெனர் (உயர்ந்த ஆண்குரல்), ரூஃபோ பாரிடோன். கேட்டுப் பாருங்கள், கனத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. கரூஸோவின் குரலும் அப்படி அடர்ந்தது. கனத்தை வைத்துப் பெயரிட்டால் அவரையும் இதில்தான் சேர்க்க வேண்டும். பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) பாடகர்கள் சண்டைக்கு வருவார்கள், அது வேறு. குரல் எங்கே சிரமமில்லாமல் நிற்கிறது என்பதுதான் கணக்கு: பாஸுக்கு மேலே, டெனருக்குக் கீழே.

மேலும், நம் பாட்டில் 'கனம்' ஏற்கெனவே ஆள் உட்கார்ந்த நாற்காலி. கர்நாடக இசைக்காரர் கனம் கிருஷ்ணய்யர் பெயரில் உள்ள கனம் பாடும் முறையைச் சொல்வது, குரல் வகையை அல்ல.

'சமன்குரல்' அழகான சொல். ஆனால் மெலிவு, சமன், வலிவு மூன்றும் ஸ்தாயிகள் (கீழ், நடு, மேல்). ஒரே பாடகர் மூன்றிலும் போய்வருவார்.

என் ஓட்டு 'ஆணிடைக்குரல்'. பெண்களின் நடுத்தரக் குரலான மெஸ்ஸோ சொப்ரானோவுக்குப் 'பெண்ணிடைக்குரல்' தானாகக் கிடைத்துவிடும். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

"1877-இல் பீசாவில் பிறந்து, அப்பாவின் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்த ரூஃபோ, 1898-இல் ரோமின் கோஸ்தான்ஸி அரங்கில், வாக்னரின் 'லோஹன்கிரின்' ஓபராவில் கட்டியக்காரனாக மேடையேறிய ஆணிடைக்குரல் பாடகர்."

எனக்கு உறுத்தவில்லை. (கட்டியக்காரன் என்றதும் கூத்துக் கோமாளியை நினைக்க வேண்டாம், இங்கே அரசனின் அறிவிப்பாளன்.)

அப்புறம், கட்டுரையில் மத்தேயோத்தியை விட்டுவிடாதீர்கள். 1924-இல் பாசிஸ்டுகள் கொன்ற சோசலிச நாடாளுமன்ற உறுப்பினர். ரூஃபோவின் தங்கை வேலியாவின் கணவர். அதன் பிறகு முசோலினி அரசோடு ரூஃபோவுக்கு ஒத்துப்போகவில்லை. 1937-இல் கைதும் ஆனார்.

ஒரு சிக்கல் மிச்சம். 'ரிகொலெத்தோ' போன்ற வேடங்களில் வெர்டி பாரிடோனை டெனரின் வாசல்வரை ஏற்றிவிடுகிறார். 'வெர்டி பாரிடோன்' என்று தனி வகையே சொல்கிறார்கள். அதற்கு 'உயர் ஆணிடைக்குரல்' என்று எழுதினால் நாக்குச் சுளுக்கிக்கொள்கிறது. யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள்.