எஸ்.என்.ஐ.க்கு 'வாசற்பெயர்': ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

பாதுகாப்பான இணைப்புக்கான நம் குழுவின் சொற்பட்டியலில் சான்றிதழ் (தளம் தன் பெயரை மெய்ப்பிக்கக் காட்டுவது), மறையாக்கம் (என்கிரிப்ஷன்), தனித்திறவுகோல் எல்லாம் முடிந்துவிட்டன. எஸ்.என்.ஐ. (Server Name Indication), அதாவது இணைப்பின் தொடக்கத்திலேயே எந்தத் தளம் வேண்டும் என்று உலாவி பெயர் சொல்வது, மட்டும் இன்னும் நிற்கிறது. 'சேவையகப் பெயர்ச் சுட்டல்', 'தளப்பெயர்க் குறிப்பு' என்று இரண்டு யோசனைகள் குழுவில் வந்திருக்கின்றன. அதற்கு 'வாசற்பெயர்' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். போன வாரம் ஏற்காட்டில் இப்படி ஒரு சொல் கையில் இல்லாமல் உண்மையிலேயே திண்டாடினேன்.

என் சித்தப்பா மகன் நாகலூர்ப் பக்கம் சின்னதாகக் காபித் தோட்டம் வைத்திருக்கிறான். காபித்தூளையும் மிளகையும் தானே நேரடியாக விற்க ஒரு தளம் தொடங்கினான். ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்கும் சாதாரணப் பகிர்வு ஹோஸ்டிங்தான், ஒரே வழங்கியில் (சர்வரில்) பல தளங்களுக்கு இடம் தருவது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் உட்கார்ந்து தளத்தைத் திறந்தால், போனில் சிவப்பு எச்சரிக்கை. சான்றிதழைத் தொட்டுப் பார்த்தேன். அதில் எங்கள் தளத்தின் பெயரே இல்லை. ஹோஸ்டிங் நிறுவனத்து வழங்கியின் பெயர் இருந்தது. "அண்ணா, நம்ம தளத்தை யாராவது புடிச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டான். முகம் வெளிறிப்போயிருந்தது.

நடந்தது சின்ன விஷயம். கட்டுப்பாட்டுப் பலகம் காலையில் தானாகச் சான்றிதழ் வாங்க முயன்றபோது, தளப்பெயர் இன்னும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அதனால் சான்றிதழ் வரவில்லை. மதியம்தான் பெயரைப் புது வழங்கிக்குத் திருப்பினான். மறுபடி ஒருமுறை பொத்தானை அழுத்தினோம், சில நிமிடங்களில் சான்றிதழ் வந்துவிட்டது. அப்புறமும் ஒரு குறை இருந்தது. முகப்புப் படம் மறையாக்கமில்லாத பழைய எச்.டி.டி.பி. முகவரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை மாற்றி, எல்லாரையும் மறையாக்கமுள்ள எச்.டி.டி.பி.எஸ். பக்கம் திருப்பும் விதியையும் போட்டு முடித்தோம்.

வேலை முடிந்தது. ஆனால் "நம்ம பேரைத்தானே அடிச்சேன், வேற யாரோ சான்றிதழ் ஏன் வந்துச்சு?" என்ற கேள்விக்கு 'சேவையகப் பெயர்ச் சுட்டல்' என்று பதில் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது அம்மாபேட்டையில் எங்கள் பாட்டி இருந்த லைன் வீடு. ஒரே கதவு எண், ஏழு குடித்தனம், நாலு வீட்டில் தறி. தபால்காரர் பொது வாசலில் சைக்கிளை நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தறிச் சத்தத்தில் இரண்டு தரமாவது கூப்பிட வேண்டும். பெயர் இல்லாமல் கதவு எண் மட்டும் போட்டு ஏதாவது வந்தால் முதல் வீட்டுக்காரர்தான் வாங்கி வைப்பார். இதைச் சொன்னதும் தம்பிக்குப் பட்டென்று புரிந்துவிட்டது.

பகிர்வு ஹோஸ்டிங்கும் இதுதான். ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கின்றன. உலாவி அந்த வாசலுக்கு வந்ததும், வேறு எதையும் பேசுவதற்கு முன்னால், எந்தத் தளத்தைத் தேடி வந்திருக்கிறேன் என்று பெயரைச் சொல்கிறது. வழங்கி அந்தப் பெயருக்குரிய சான்றிதழை எடுத்து நீட்டுகிறது. பெயருக்குச் சான்றிதழ் இல்லையென்றாலோ, உலாவி பெயரே சொல்லவில்லையென்றாலோ, பொதுவாக இருப்பதை நீட்டுகிறது. அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருளில் அமைப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெயர் பொருந்தாவிட்டால் அந்த முகவரிக்கு முதலில் எழுதப்பட்ட தளத்தின் அமைப்புதான் வேலை செய்யும். அதே முதல் வீட்டுக்காரர்!

இந்த 'முன்னால்' என்பதுதான் விஷயத்தின் உயிர். 1997இல் வந்த எச்.டி.டி.பி. 1.1 வரையறையே ஒவ்வொரு கோரிக்கையிலும் தளப்பெயரைக் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கிவிட்டது. பூட்டில்லாத, அதாவது மறையாக்கமில்லாத, தளங்களுக்கு அது போதும். எச்.டி.டி.பி.எஸ்.ஸில் அந்தப் பெயர் மறையாக்கத்துக்கு உள்ளே போய்விடுகிறது. மறையாக்கம் தொடங்கச் சான்றிதழ் வேண்டும், சரியான சான்றிதழை எடுக்கப் பெயர் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அதனால்தான் அந்தக் காலத்தில் பூட்டு வேண்டுமென்றால் தளத்துக்கென்று தனி ஐ.பி. முகவரி எடுக்க வேண்டியிருந்தது. அதற்குத் தனிப் பணம். சின்னக் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

2003இல் ஆர்.எஃப்.சி. 3546 என்ற இணையத் தர ஆவணம் இந்த முடிச்சை அவிழ்த்தது: இணைப்பின் முதல் செய்தியிலேயே உலாவி பெயரைச் சொல்லிவிடட்டும் என்றது. நடைமுறைக்கு வர வெகுகாலம் ஆனது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் கடைசிவரை பெயர் சொல்லவேயில்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் தந்த ஆதரவு 2014இல் முடிந்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் அமைப்பு எல்லாருக்கும் இலவசச் சான்றிதழ் தர ஆரம்பித்தது. இரண்டும் சேர்ந்துதான் நாகலூர்த் தோட்டக்காரன் வரைக்கும் பூட்டு வந்திருக்கிறது.

சரி, இனி சொல்லுக்கு வருகிறேன். கோவை ஐயா எழுதியிருந்தது:

> நேர் மொழிபெயர்ப்பாக 'சேவையகப் பெயர்ச் சுட்டல்' போதாதா? மூலத்தோடு ஒப்பிட வசதி.

ஒப்பிட வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மூலச்சொல்லிலேயே ஒரு கோணல் இருக்கிறது. உலாவி சொல்வது சேவையகத்தின் (அதாவது வழங்கியின்) பெயரை அல்ல, தளத்தின் பெயரை. பகிர்வு ஹோஸ்டிங்கில் சேவையகத்துக்கென்று வேறு பெயர் உண்டு, தம்பியைப் பயமுறுத்தியது அந்தப் பெயர்தான். அந்தக் கோணலையும் சேர்த்து நாம் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம், ஐயா.

யாழ்ப்பாணத்துத் தோழியின் 'தளப்பெயர்க் குறிப்பு' இதைச் சரிசெய்கிறது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் பெயர் எப்போது, எங்கே சொல்லப்படுகிறது என்பது அதில் இல்லை. மறையாக்கத்துக்கு உள்ளே வரும் பெயரையும் தளப்பெயர்க் குறிப்பு என்றுதானே சொல்ல வேண்டும்? இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் நமக்குச் சொல் தேவை. 'வாசற்பெயர்' என்றால் கதவு திறக்குமுன் சொல்லும் பெயர் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. வாசற்படி போலப் புணர்ச்சியும் இயல்பாக இருக்கிறது.

இன்னொன்றும் கிடைக்கிறது, இதை நான் முதலில் எதிர்பார்க்கவில்லை. வாசலில் நின்று சொல்லும் பெயர் தெருவில் போகிறவர் காதிலும் விழும். எஸ்.என்.ஐ.யும் அப்படித்தான். எச்.டி.டி.பி.எஸ்.ஸின் மறையாக்கத்தைச் செய்யும் டி.எல்.எஸ். நெறிமுறையின் 2018இல் வந்த 1.3 பதிப்பில் சான்றிதழ்கூட மறையாக்கத்துக்குள் போய்விட்டது, ஆனால் இந்தப் பெயர் வழக்கமாக இன்னும் வெளிப்படையாகவே போகிறது. எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பது இணையச் சேவை தருபவருக்குத் தெரியாது, எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியும். கற்றுக்கொடுக்கும்போது சொல்லே இதையும் விளக்கிவிடுகிறது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 'வலைவாசல்' ஏற்கெனவே வேறு பொருளில் (போர்ட்டல்) நிலைத்துவிட்டது, குழப்பம் வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். கூட்டுச்சொல்லாக வரும்போது இரண்டும் ஒரே வரியில் வந்தாலும் முட்டிக்கொள்ளவில்லை. எழுதிப் பார்த்த வாக்கியங்கள் இவை:

"பழைய உலாவி வாசற்பெயர் அனுப்பாததால் பொதுச் சான்றிதழ் வந்தது."

"ஒரே ஐ.பி. முகவரியில் பல சான்றிதழ்களை வைக்க வழங்கி வாசற்பெயரைப் புரிந்துகொள்ள வேண்டும்."

"வலைவாசலின் வாசற்பெயரும் சான்றிதழிலுள்ள பெயரும் பொருந்தவில்லை."

மூன்றாவது வாக்கியம் கொஞ்சம் இடறுகிறது என்றால் சொல்லுங்கள். எனக்குச் சரியாகத்தான் ஒலிக்கிறது.

பகிர்வு ஹோஸ்டிங்குக்கு 'ஒண்டுக்குடி வழங்கி' என்று நான் முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒண்டுக்குடித்தனம் என்றாலே இளப்பமாக ஒலிக்கிறது என்று சிலர் சொன்னது நியாயம். 'பகிர்வழங்கி' இருக்கட்டும்.

வாசற்பெயரை ஏற்றுக்கொண்டால் அடுத்த வேலை ஒன்று காத்திருக்கிறது. அந்த முதல் செய்தியையே மறையாக்கி அனுப்பும் இ.சி.எச். (Encrypted Client Hello) என்ற ஏற்பாடு சில உலாவிகளுக்குள் வந்துவிட்டது. 'மறைவாசற்பெயர்' நீளமாகத் தோன்றுகிறது. 'மூடுபெயர்' சரிப்படுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் கருத்துச் சொன்னால் இரண்டையும் ஒன்றாகப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
அம்மாபேட்டை, சேலம்