உதவி: ஓரச் சிப்பாயைத் தள்ளியே என் பிஷப்பைப் பிடிக்கிறார்

தாழ்ப்பாள்:
செஸ் கிளப்பில் ஒருவர் எப்போதும் நாலாவது நகர்த்தலிலேயே எச்4, அதாவது எச் வரிசைச் சிப்பாய் நாலாம் கட்டத்துக்கு. அப்புறம் ஜி4, எஃப்3 என்று வரிசையாகத் தள்ளுகிறார். பிஷப் போய்விடுகிறது. என்ன செய்வது? சனிக்கிழமை மறுபடி அவரோடுதான் ஆட்டம். அவசரம்.

மேகலை_64:
நீங்கள் கறுப்பா வெள்ளையா? என்ன தொடக்கம்?

ஓரக்கட்டம்:
ஓரத்தில் தள்ளினால் நடுவில் அடி. இது பாலபாடம். சி5 போடுங்கள், தானாக அடங்குவார்.

பழைய_கடிகாரம்:
பலகையைக் காட்டாமல் மருந்து கேட்கிறார்கள், பலகையைப் பார்க்காமல் மருந்தும் கொடுக்கிறார்கள். தம்பி, முதலில் நகர்த்தல்களை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். தொடக்கம் அதற்கப்புறம்.

தாழ்ப்பாள்:
மன்னிக்கவும், கறுப்பு. காரோ-கான். முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு என்று: இ4 சி6, டி4 டி5, இ5 பிஷப் எஃப்5, எச்4. நான் இ6.

மேகலை_64:
அந்த இ6-தான் வில்லங்கம். ஜி4, பிஷப் இ4, எஃப்3, பிஷப் ஜி6, எச்5. இப்போது பின்வாங்க எச்7 வேண்டும், அங்கே உங்கள் சிப்பாயே உட்கார்ந்திருக்கிறது. போகிற போக்கில் சி2 சிப்பாயை வெட்டிவிட்டுச் சாகலாம், அவ்வளவுதான்.

எச்4-க்கு நேராக எச்5 போடுங்கள். ஜி4 அடைபடும். ஒரே எச்சரிக்கை: அவர் பிஷப் ஜி5 வந்தால் உடனே இ6 தள்ளாதீர்கள், ராணி போய்விடும். முதலில் ராணி பி6. அவருடைய பிஷப் சி1-ஐ விட்டு வந்ததால் பி2 காவலில்லாமல் நிற்கும்.

ஓரக்கட்டம்:
எச்6 போதுமே.

மேகலை_64:
போதும், ஆனால் ஜி4 வந்ததும் பிஷப்பை டி7-க்கு இழுக்க வேண்டும். ஆசைப்பட்டு இ4 போனால் எஃப்3, பிஷப் எச்7, அடுத்து இ6 என்று ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து உங்கள் ராஜா பக்கத்தையே பிய்ப்பார்.

பழைய_கடிகாரம்:
இந்த எச்4 தால் ஆடியது. 1961 உலக சாம்பியன் பட்ட மறுபோட்டியில், போத்வின்னிக்குக்கு எதிராக. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளலாம்.

ஓரக்கட்டம்:
அந்தப் போட்டியில் தால் 13–8 என்று தோற்றதையும் தெரிந்துகொள்ளலாம்.

பழைய_கடிகாரம்:
அவருக்கு அப்போது சிறுநீரகக் கோளாறு. தோல்விக்கு எச்4 காரணமில்லை.

ஓரக்கட்டம்:
முந்தின வருஷம் மட்டும் ஆரோக்கியமாகவா இருந்தார்? 1960-இல் ஜெயிக்கவில்லையா? போத்வின்னிக் 1961-க்கு நன்றாகத் தயாராகி வந்தார், அதை ஒப்புக்கொள்ள ஏன் மனசு வரமாட்டேன் என்கிறது? மூன்றாவது நகர்த்தலிலேயே சி5 போடும் வழிக்கு அவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் முதலில் சொன்னதும் அதே சி5-தான்.

மேகலை_64:
நீங்கள் சொன்னபோது தாழ்ப்பாள் என்ன தொடக்கம் ஆடுகிறார் என்பதே யாருக்கும் தெரியாது 🙂

பழைய_கடிகாரம்:
இரண்டு போட்டிகளின் ஆட்டங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

தாழ்ப்பாள்:
எச்5 போட்டேன். பிஷப் ஜி5 வந்தார், ராணி பி6. டிரா. நன்றி மேகலை அக்கா.

ஓரக்கட்டம்:
சி5 போட்டிருந்தால் ஜெயித்திருப்பீர்கள்.