புதுக்கோட்டைக்கு இரண்டு நாள் பயணம்: முழங்கால் வலியோடு எதில் ஏறலாம், எதை விடலாம்?

கேள்வி – ஸ்ரீரங்கத்திலிருந்து

வணக்கம். நானும் என் மனைவியும் காரில் புதுக்கோட்டை போய் ஒரு இரவு தங்கி வரலாம் என்று இருக்கிறோம். திருச்சியிலிருந்து 55 கிலோமீட்டர்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், காரைக்குடிப் பக்கம் கல்யாணம் காட்சி என்றால் ஊரைக் கடந்து போவோம், அவ்வளவுதான்.

அவள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. 14 வருடமாகச் சித்தன்னவாசல் குடைவரைக் கோயிலின் தாமரைக்குள ஓவியத்தைப் படத்தில் காட்டிப் பாடம் எடுக்கிறாள், நேரில் பார்த்ததில்லை. போன மாதம் ஒரு பையன், "டீச்சர், நிஜத்துல அந்தப் பச்சை இவ்ளோ பளிச்சுனு இருக்குமா?" என்று கேட்டிருக்கிறான். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளாக வீட்டில் அதே பேச்சு. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

எனக்கு வலது முழங்காலில் தேய்மானம். சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருமயம் மூன்றிலும் மலை ஏற வேண்டுமாமே? எதை விடலாம்? வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினால் சரியாக இருக்குமா?

பதில் – புதுக்கோட்டைக்காரர்

வெள்ளி வேண்டாம், சனிக்கிழமை வாருங்கள். திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிதான் விடுமுறை. 1910-இல் மன்னர் காலத்தில் தொடங்கியது, அதைப் பார்க்காமல் போகக் கூடாது.

முதலில் ஊருக்குள் வராமல் நேரே சித்தன்னவாசலுக்குப் போய்விடுங்கள். அங்கே இரண்டு இடம். அறிவர் கோயில் என்கிற குடைவரைக்குக் கொஞ்சம் படிதான், மெதுவாக ஏறிவிடலாம். ஓவியம் இருப்பது அங்கேதான். ஏழடிப்பட்டம் வேறு: மலைமேல் ஏறி, அந்தப் பக்கம் பாறை விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகளும் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தும் அங்கே உண்டு. உங்கள் காலுக்கு அது ஆகாது, உங்கள் மனைவியை மட்டும் அனுப்புங்கள்.

பலரும் கோயிலுக்குள் போனதும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு "மங்கிப்போச்சே" என்று திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறாது. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியாது. ஒரு பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். இலை தெரியும், பிறகு மீன், அன்னம், யானை, கடைசியில் பூப்பறிக்கிற ஆட்கள். 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துக் கை அது. ஃபோன் விளக்கை மட்டும் அடித்துவிடாதீர்கள். அப்புறம், கருவறையில் நின்று "ம்ம்" என்று முனகிப் பாருங்கள், கல்லே திருப்பி முனகும்.

இரவு தங்கலுக்கு ஊருக்குள் வந்துவிடுங்கள். வீதிகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், திவான் சேஷய்ய சாஸ்திரி போட்டுக் கொடுத்தது. சாப்பாட்டுக்கு முட்டை மாஸ்: அவித்த முட்டையைத் துண்டாக்கி வெங்காயம், தக்காளி, சால்னாவோடு கல்லில் பிரட்டித் தருவார்கள். பரோட்டாவோடு சாப்பிடுங்கள்.

பதில் – திருமயம் பக்கத்து ஊர்

ஞாயிறு காலை திருமயம் போங்கள், 20 கிலோமீட்டர். கோட்டை உச்சிக்கு ஏறாவிட்டாலும் அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் ஒரே பாறையில் குடைந்த கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மதியம் நடை சாத்திவிடுவார்கள், 9 மணிக்குள் அங்கே இருங்கள். நார்த்தாமலையைத் திரும்பும்போது சாயங்காலத்துக்கு வையுங்கள். அங்கே மேலே இருக்கிற விஜயாலய சோழீச்சரம் மேற்குப் பார்த்த கோயில், மாலை வெயில் நேரே முகத்தில் விழும். சரிவான பாறைதான், படி கிடையாது. கைத்தடி இருந்தால் நீங்களும் ஏறலாம்.

பதில் – பொன்னமராவதி மருமகள்

திருக்கோகர்ணம் போகும்போது பிரகதாம்பாளையும் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு அவள் அரைக்காசு அம்மன். எதையாவது தொலைத்தால் அவளுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்வோம்.

கேள்வி கேட்டவர், ஒரு வாரம் கழித்து

போய் வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி. முன்பதிவு செய்த விடுதியில் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். வேறு இடம் கிடைக்க இரவு 9 ஆகிவிட்டது. அது ஒன்றுதான் குறை.

சித்தன்னவாசலில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். அவள் தரையில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முதல் இருபது நிமிடம் பென்சிலையே தொடவில்லை. பிறகு கூடையை மாட்டிக்கொண்டு பூப்பறிக்கிறவரின் கையை மட்டும் ஐந்து தடவை வரைந்தாள். மணிக்கட்டு வளைவு கைக்கு வரவில்லையாம். ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டமாகப் பச்சையைக் கலந்து பூசிப் பார்த்தாள். நாலாவது கட்டத்தில் நிறுத்தி, "இதுதாங்க" என்றாள். மழைக்கு முந்தின வேப்பிலை மாதிரி, தூசி படிந்த பச்சை. திங்கள்கிழமை அந்தக் காகிதத்தை அப்படியே அந்தப் பையனிடம் கொடுத்திருக்கிறாள்.

சித்தன்னவாசலிலேயே மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, அரைக்காசு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஞாயிறு திரும்பும் வழியில் போய்க் கேட்டோம். காவலாளி துணியில் சுற்றி பத்திரமாக வைத்திருந்தார். அதற்குச் சுற்றியதில் இருட்டிவிட்டது, நார்த்தாமலை ஏற முடியவில்லை. அம்மனுக்கு வெல்லமும் பாக்கி. பொங்கல் கழிந்ததும் மறுபடி வருகிறோம்.