பழைய லீக் ஸ்கோர்களைச் சேர்க்கிறோம்: இரண்டு பேப்பர் இரண்டு விதமாகச் சொன்னால் எதை ஏற்றுவது?

மூன்றாம்டிவிஷன் கேட்டது:

ஒரு சின்ன கால்பந்து லீக்கின் பழைய மேட்ச் முடிவுகளை நாங்கள் சில பேர் சேர்ந்து எக்செல்லில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். யாரும் காசு கொடுத்துச் செய்யச் சொல்லவில்லை, லீக்கை நடத்தியவர்களிடமே பழைய ரெஜிஸ்டர் கிடையாது, அதனால் நூலகத்தில் இருக்கும் பேப்பர்கள், சில மேட்ச் புரோகிராம்கள், முன்னாள் வீரர்கள் வைத்திருக்கும் கட்டிங் என்று கிடைத்ததை எல்லாம் போட்டோ எடுத்து ஏற்றுகிறோம். ஒரே மேட்சுக்கு ஒரு பேப்பர் 3-1 என்கிறது, இன்னொன்று 3-2 என்கிறது. கோல் அடித்தவர் பெயரில் இதைவிட மோசம். எது நல்ல பேப்பரோ அதையே எடுப்போம் என்று ஒருவர் சொல்கிறார், புள்ளிப் பட்டியலோடு எது பொருந்துகிறதோ அதுதான் சரி என்று இன்னொருவர், இந்தச் சண்டையில் வேலை நின்றே போய்விட்டது. அப்புறம் பாதியில் நின்ற ஆட்டங்கள், எதிரணி வராமல் கிடைத்த வாக்ஓவர்கள், இதையெல்லாம் எப்படி எழுதுவது? முடித்த பிறகு எங்கே வைத்தால் தொலையாமல் இருக்கும்?

சேம்சைடுகோல்:

இரண்டையும் ஏற்றுங்கள். ஒரு மேட்சுக்கு ஒரே வரி என்ற எண்ணத்தை விடுங்கள், எந்தப் பேப்பர், எந்தத் தேதி, என்ன ஸ்கோர் என்று ஒவ்வொரு ஆதாரத்துக்கும் தனி வரி. உங்கள் முடிவு எது என்பதைத் தனி காலத்தில் (எக்செல் நெடுவரிசையில்) போட்டு, ஏன் என்று அரை வரி எழுதினால் போதும். நாளைக்கு மூன்றாவது பேப்பர் ஒன்று கிடைத்தால் அந்த ஒரு காலத்தை மட்டும் மாற்றுவீர்கள்.

உலகக் கோப்பையிலேயே இந்த நிலைமைதான், சின்ன லீக் என்று வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1930-ல் பராகுவேக்கு எதிராக அமெரிக்காவின் பெர்ட் பேட்டனாட் அடித்த மூன்று கோலில் ஒன்றைச் சில பதிவுகள் இன்னொரு வீரர் பெயரிலும் சில பதிவுகள் சேம்சைடு கோலாகவும் வைத்திருந்தன. அதனால் இரண்டு நாள் கழித்து அடித்த அர்ஜென்டினாவின் ஸ்டாபிலேதான் முதல் உலகக் கோப்பை ஹாட்ரிக் என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பேட்டனாட்தான் முதல் ஆள் என்று ஃபிஃபா ஒத்துக்கொண்டது 2006-ல், அதற்குள் அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. பழைய பேப்பர்களின் முரண்பாட்டை யாரும் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அதைத் திரும்பப் பேச முடிந்தது.

மைதானத்தில் இருந்தவர்களே தப்பாக எண்ணுவதும் உண்டு. 2001-ல் ஆஸ்திரேலியா அமெரிக்க சமோவாவை அடித்து நொறுக்கிய ஆட்டத்தில் ஸ்கோர்போர்டு 32-0 காட்டியது, ரெஃபரியின் குறிப்பைப் பார்த்து அப்புறம் 31-0 ஆக்கினார்கள். 1885 செப்டம்பர் 12 அன்று ஸ்காட்லாந்தில் ஆர்ப்ரோத் கிளப் 36-0 என்று ஜெயித்த அதே நாளில் டண்டீ ஹார்ப் 35-0 ஜெயித்தது. ஹார்ப் மேட்ச் ரெஃபரியின் கணக்கு 37 என்றும், ஹார்ப் கிளப் செயலாளர் 35 என்று சொன்னதால் அதுவே பதிவானது என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மை என்றால், பெரிய வெற்றி என்ற சாதனை ஆர்ப்ரோத்துக்குப் போனதே ஒரு செயலாளரின் நேர்மையால்தான்!

பழையபுள்ளிப்பட்டியல்:

மேலே சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் பட்டியலோடு பொருத்திப் பார்க்கச் சொன்ன நண்பரையும் ஒதுக்க வேண்டாம், அது நல்ல சோதனைதான், அந்தக் காலத்து விதியை வைத்துக் கூட்டினால் மட்டும். வெற்றிக்கு 3 புள்ளி என்பது இங்கிலாந்து லீக்கில் 1981-ல்தான் வந்தது, உலகக் கோப்பையில் 1994-ல். அதற்கு முன் 2. புள்ளி சமமாக இருந்தால் இப்போது கோல் வித்தியாசம் பார்க்கிறோம், இங்கிலாந்தில் 1976 வரை அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்து வரும் சராசரியைத்தான் பார்த்தார்கள். இன்றைய விதியில் ஃபார்முலா போட்டுவிட்டு, பேப்பர்காரன் தப்பு பண்ணிவிட்டான் என்று திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பேப்பரில் வந்த பட்டியலே தப்பான ஸ்கோரை வைத்துப் போட்டதாக இருக்கலாம். அப்படியானால் அது பொருந்துவதில் ஒரு பயனும் இல்லை.

நின்ற ஆட்டங்களை அழிக்காதீர்கள். 1939-40 சீசன் போரால் மூன்று சுற்றிலேயே நின்றது, இங்கிலாந்து லீக் அந்த முடிவுகளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. 1962-ல் அக்ரிங்டன் ஸ்டான்லி கிளப் சீசன் நடுவில் விலகியபோதும் அப்படியே. ஆனாலும் அந்த ஸ்கோர்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன, கணக்கில் சேராதவை என்ற குறிப்போடு. நீங்களும் நிலை என்று ஒரு காலம் வையுங்கள்: முடிந்தது, நின்றது, வாக்ஓவர், ரத்தானது. வாக்ஓவருக்கு லீக் கொடுத்த 3-0-வை ஆடி அடித்த கோலோடு கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது.

டெக்ஸ்ட்ஃபைல்:

எங்கே வைப்பது என்பதற்கு வருகிறேன். அழகான வெப்சைட் கட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். பழைய கால்பந்து முடிவுகளைத் தொகுக்கும் ஆர்எஸ்எஸ்எஸ்எஃப் தளத்தைப் பாருங்கள், 1994-ல் யூஸ்நெட் என்ற அந்தக் கால இணைய அரட்டைத் தளத்தின் கால்பந்துக் குழுவில் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் ஆரம்பித்தது, முழுக்கத் தன்னார்வலர் வேலை, பெரும்பாலும் வெறும் எழுத்தும் எண்ணும்தான். பார்க்க ஒன்றும் இருக்காது, ஆனால் எந்தக் கருவியிலும் திறக்கும். அதே காலத்தில் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வெப்சைட் சேவையில் ரசிகர்கள் கட்டிய எத்தனையோ பக்கங்கள் 2009-ல் கடை மூடியதும் போய்விட்டன. ஓரளவு காப்பாற்றியது இணைய ஆவணக் காப்பகமும் சில தன்னார்வலர்களும்தான்.

எக்செல்லில் வேலை செய்யுங்கள், சேமிக்கும்போது சிஎஸ்வி (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஒன்றும் எடுத்துவிடுங்கள், தமிழ் எழுத்து கெடாமல் இருக்க யூடிஎஃப்-8 குறியீட்டில். 3-1 என்று ஒரே கட்டத்தில் அடித்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றித் தொலைக்கும், முதல் அணி அடித்த கோல், இரண்டாம் அணி அடித்த கோல் என்று இரண்டு காலமாகப் பிரியுங்கள். கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டால் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதும் நிற்கும். இன்னொரு பிரதி இணைய ஆவணக் காப்பகத்தில், ஒன்று யாராவது ஒருவரின் டிஸ்க்கில்.

காப்புரிமை பற்றி யாராவது பயமுறுத்தினால், ஸ்கோர் என்பது நடந்த செய்தி, அது யாருடைய சொத்தும் அல்ல. பேப்பரில் வந்த கட்டுரையும் போட்டோவும் வேறு விஷயம், அவற்றை அப்படியே பொதுவில் போடாதீர்கள். அடுத்தவர் தொகுத்த டேட்டாபேஸை மொத்தமாக அள்ளுவதும் கூடாது, ஐரோப்பாவில் அதற்கென்றே 1996-லிருந்து தனி உரிமை இருக்கிறது.

மூன்றாம்டிவிஷன்:

எல்லாருக்கும் நன்றி. நிலை காலம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம் மட்டும், முன்னாள் வீரர் ஒருவர் தான் 200 கோலுக்கு மேல் அடித்ததாகச் சொல்கிறார், எங்கள் பேப்பர்களில் பாதிகூட வரவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது?

சேம்சைடுகோல்:

அவர் பொய் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெலேக்கே நட்பு ஆட்டங்களைச் சேர்த்தால் 1,200-க்கு மேல், அதிகாரப்பூர்வப் போட்டி மட்டும் என்றால் 700 சொச்சம். பெரியவரிடம் எண்ணிக்கையைப் பற்றி வாதாடாமல் எந்த அணிக்கு, எந்த டோர்னமென்ட், யாருக்கு எதிராக என்று கேளுங்கள். அவர் சொல்வதை நினைவிலிருந்து சொன்னது என்று குறித்து ஏற்றுங்கள், பிறகு அந்தத் தேதிப் பேப்பரைத் தேடுங்கள். நீங்கள் இதுவரை கேள்விப்படாத இரண்டு மூன்று டோர்னமென்ட் அவர் வாயிலிருந்து கட்டாயம் வரும்.