தார்ச்சாலையில் அதிகம் ஓடும் ஹைலக்ஸுக்கு மட் டெரெய்ன் (சேற்று நிலத்துக்கான) டயர் பொருந்துமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் என்னிடம் 2018ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வண்டி உள்ளது. டயர் அளவு 265/65 ஆர்17. ஓட்டம் பெரும்பாலும் என்2 நெடுஞ்சாலையில்தான் என்றாலும், டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றுக்கும் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. கோடை மழை தொடங்கிவிட்டால், அங்குள்ள களிமண் இப்போதைய ஆல் டெரெய்ன் (எல்லா வகைத் தரைக்குமான) டயரின் பள்ளங்களில் அப்பிக்கொள்ள, வண்டி ஏற்றத்தில் வழுக்குகிறது. காற்றழுத்தத்தை 1.5 பாருக்குக் குறைத்தும், லோ ரேஞ்சில் (குறைவேக கியரில்) பின் டிஃப் லாக் (பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் பூட்டு) போட்டும் பார்த்தேன். ஓரளவே பயன் கிடைத்தது. டயர்க் கடைகளிலோ ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மட் டெரெய்ன் டயர் சேற்றை நன்றாக உதறும் என்பதையும், அதனால் இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடும் என்பதையும் அறிவேன் (இரைச்சலை நான் பொறுத்துக்கொள்வேன், வீட்டார் பொறுக்க மாட்டார்கள்). என் கவலை ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் பற்றியதே. இதே அளவில் மட் டெரெய்ன் போட்டு, மழையில் நெடுஞ்சாலையில் ஓட்டியவர்கள், அதன் பிடிப்பு எப்படி இருந்தது என்று கூற இயலுமா?