ஒரு டிரவுட் என் ஷூவைப் பார்த்துவிட்டுப் போனது

கெண்டைக்காரன், சென்னை:
போன மே கடைசியில் டிரவுட் (குளிர்ந்த மலையாற்று மீன்) பிடிக்க ஹிமாச்சலில் தீர்த்தன் ஆற்றுக்குப் போயிருந்தேன். ஔட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி பஞ்சார், அங்கிருந்து நாகினி. வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். லைசென்ஸ், ஆறடித் தூண்டில் ராடு, ரெண்டாம் நம்பர் ஸ்பின்னர் (சுழலும் போலி இரை) எல்லாம் சரி. மாதம்தான் தப்பு. மேலே பனி உருகி, ஆறு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வந்துகொண்டிருந்தது. இரண்டு நாளும் ஒரு கடி இல்லை.

மூன்றாம் நாள் காலை ஆறரை. ராத்திரி குளிரில் உருகுவது குறைந்து தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருந்தது. பெரிய பாறைக்குக் கீழே இருந்த மடுவில் ஸ்பின்னரைப் போட்டு மெதுவாகச் சுற்றுகிறேன், பின்னாலேயே வருகிறது ஒரு பிரவுன் டிரவுட். முக்கால் கிலோ இருக்கும். விலாவில் சிவப்புப் பொட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம். என் காலுக்கு இரண்டு சாண் தள்ளி நின்றது. ஸ்பின்னர் ராடு நுனிக்கே வந்துவிட்டது, இனிச் சுற்றத் தூண்டில் நரம்பு இல்லை. அது ஸ்பின்னரைப் பார்க்கவில்லை, என் ஷூவைப் பார்த்தது. அப்புறம் அவசரமே இல்லாமல் திரும்பிப் போய்விட்டது.

இன்னும் மனசு ஆறவில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

மலைப்பாதை, கோவை:
எனக்கு மீன் கிடைத்தது, அதுதான் பிரச்சினை. தங்கியிருந்த வீட்டுக்காரர், "நம்ம வீட்டுக் கரைதான், லைசென்ஸெல்லாம் வேண்டாம்" என்றார். நம்பினேன். மீனைக் கையில் பிடித்திருக்கும் நேரம் பார்த்து மீன்வளத் துறைக் காவலர் சரிவில் இறங்கி வருகிறார். பதறிப்போய் மீனைத் தண்ணீரில் போட்டேன். அது நீந்தவில்லை. வயிறு மேலே தெரிய, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மெதுவாக மிதந்து போனது. அபராதம் கட்டினேன், அது பரவாயில்லை. அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மீன் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூண்டில்ராஜா:
கெண்டைக்காரன், மாதத்தைக் குறை சொல்லாதீர்கள். மே மாதத்தில் அதே தீர்த்தனில் நான் இரண்டு பிடித்தேன். (கதை அவ்வளவுதான்.) தப்பு நீங்கள் நின்ற இடத்தில். டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து, தலை மேற்பக்கம் வைத்துத்தான் நிற்கும். இரை மேலிருந்துதானே வரும்? நீங்கள் பாறைக்கு மேலே நின்று கீழே போட்டிருக்கிறீர்கள். மீனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, பார்த்துவிட்டது என்றால் எப்படி? கீழிருந்து ஏறி வாருங்கள், அதன் முதுகுப் பக்கமாக. கூழாங்கல் நறநறவென்று அரைபடாமல் கால் வையுங்கள், அந்த அதிர்வு உடம்பின் பக்கக்கோட்டில் (விலாவில் ஓடும், அதிர்வை உணரும் கோடு) அதற்குத் தெரிந்துவிடும். சூரியன் உங்கள் முதுகில் இருந்தால் நிழல் மடுவில் விழும், அதையும் பாருங்கள். ஷூ என்ன நிறம் என்று நீங்கள் சொல்லவே இல்லை!

கோவைக்காரருக்கும் ஒன்று. மீனை எறியக் கூடாது. கையை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும், காய்ந்த கை பட்டால் மேலே இருக்கும் வழவழப்பு போய்விடும். செவுளில் விரல் படக் கூடாது. நீரோட்டத்தைப் பார்த்து முகம் இருக்கிற மாதிரி தண்ணீருக்குள் பிடித்திருங்கள், தெம்பு வந்ததும் அதுவே உதறிக்கொண்டு போகும். கொக்கியின் எதிர்முள்ளை (நுனியில் பின்பக்கம் பார்த்திருக்கும் சின்ன முள்) குறட்டால் அமுக்கிவிட்டுப் போனால் பாதி வேலை மிச்சம்.

எமரால்டு பொண்ணு:
அவ்வளவு தூரம் ஏன் போகிறீர்கள்? எங்கள் நீலகிரியில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ரெயின்போ டிரவுட் இருக்கிறது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணையே உண்டு. எண்பதுகளில் அப்பா பர்மிட் வாங்கி, விடியற்காலையில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போவார், வெறுங்கையோடு வருவார். ஒரே ஒரு நாள் இரண்டு மீன். விலாவில் ரோஸ் கோடு. செதில் இருப்பதே தெரியவில்லை, அம்மா அரிவாள்மனையில் வைத்து எதைச் சுரண்டுவது என்று திகைத்தாள். அப்புறம் வழக்கம்போல புளிக்குழம்பு வைத்து நன்றாகக் கொதிக்க விட்டுவிட்டாள். சட்டியைத் திறந்தால் மீனே இல்லை, பஞ்சு பஞ்சாகக் கரைந்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இரண்டாவது சோறு வாங்கவில்லை.

பரோட் பயணி:
அக்கா, அந்தக் காலம் வேறு. இப்போது அவலாஞ்சி ஏரிப் பக்கம் போவதென்றாலே வனத்துறை வண்டியில்தான். ராடைத் தூக்கிக்கொண்டு நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

தூண்டில்ராஜா சொல்வதெல்லாம் மீனைப் பற்றி. ஆற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஹிமாச்சலிலேயே பரோட்டில், ஊல் ஆற்று நடுவில் ஒரு தட்டைப் பாறை. காலையில் கணுக்கால் தண்ணீரில் நடந்து அதற்குப் போனேன். டிபன் பாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினால் டிபன் பாக்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறது. காற்று என்று நினைத்தேன். தண்ணீர். நான் பார்க்கப் பார்க்க அது கிளம்பிப் போனது, மூடி மட்டும் மினுக்கிக்கொண்டு. வெயில் ஏற ஏறப் பனி உருகி மத்தியானம் ஆறு ஏறும் என்று பிறகு ஊர்க்காரர் சொன்னார். கரைக்கு வந்தபோது இடுப்பு வரை நனைந்திருந்தேன், ராடு போயே போச்சு.

அது பனி உருகியது மட்டும்தான். அணைக்குக் கீழே என்றால் பேச்சே வேறு. 2014 ஜூன் 8-ஆம் தேதி பியாஸ் ஆற்றில், லார்ஜி அணை திறந்துவிட்ட தண்ணீரில் ஹைதராபாத் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார்கள். அவர்கள் பாறை மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்தன் பியாஸில் சேர்கிற இடத்துக்குப் பக்கம்தான் அந்த அணை. நாகினி அதற்கு மேலே இருக்கிறது, சரி. ஆனால் "லார்ஜிக்குக் கீழே பெரிய மீன் இருக்கிறது" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

கெண்டைக்காரன், சென்னை:
ஷூ ஆரஞ்சு. சிரிக்காதீர்கள், தள்ளுபடியில் வாங்கியது. பாறைக்கு மேலேதான் நின்றேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நவம்பர் ஒன்றிலிருந்து பிப்ரவரி முடியும்வரை டிரவுட் பிடிக்கத் தடை என்பதால், வரும் அக்டோபர் இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். மழையும் நின்றிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். பஞ்சாரில் லைசென்ஸ் வாங்கிவிட்டுத்தான் ஆற்றுப் பக்கம் போவேன். அந்தப் பாறை எனக்கு நன்றாகத் தெரியும், பக்கத்தில் ஒரு சாய்ந்த மரம். இந்தத் தடவை கீழேயிருந்து, தவழ்ந்தாவது போகிறேன்.

எமரால்டு பொண்ணு, கிடைத்தால் பொரித்தே சாப்பிடுகிறேன்.